யாழ்ப்பாணத்தில் பழைய மாருதி 800: அறிகுறியைக் கொண்டு பிழை கண்டு நீக்கும் வழிமுறை

1983 டிசெம்பரில் இந்தியாவில் வெளிவந்து 2014 சனவரி வரை தயாரிக்கப்பட்ட மாருதி 800, மூன்று சிலிண்டர் கொண்ட 796 சி.சி. எஞ்சினோடு இன்றும் குடாநாட்டின் ஒழுங்கைகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதன் பின்னர் பழைய கார்களின் விலை மளமளவென ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டபோதும், வரியோடு சேர்ந்த விலை சம்பளத்தில் வாழ்பவரின் கைக்கு எட்டவில்லை. ஆகவே இருபது, இருபத்தைந்து வருடம் ஓடிய காரை வாங்கி, அது அடிக்கடி நின்றுவிடுவதையும் பொறுத்துக்கொண்டு வைத்திருப்போர் இங்கே குறைவல்லர். இந்த வழிமுறை அவர்களுக்காக எழுதப்படுகிறது. பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் காபரேற்றர் பூட்டிய மாதிரிகளே இங்கு முதன்மையாகப் பேசப்படுகின்றன. கணினியால் எரிபொருள் பீச்சும் பிந்திய மாதிரிகள் வேறுபடும் இடங்கள் ஆங்காங்கே சொல்லப்படும்.

தொடங்கு முன் ஒரு விதியை ஏற்றுக்கொள்ள வேண்டும்: பரிசோதனை ஒரு பாகத்தைக் குற்றவாளி என்று காட்டாதவரை அந்தப் பாகத்தை வாங்கக்கூடாது. யாழ் நகரத்துப் பாட்ஸ் கடைகளில் கிடைக்காததைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் சொல்லி, இரவு பஸ்ஸில் பார்சலாக எடுப்பிக்க வேண்டியிருக்கிறது. மின்சாரப் பாகங்களைப் பெரும்பாலான கடைகள் திருப்பி எடுப்பதுமில்லை. பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலை மாற்றிப் பார்ப்போம், சரிவராவிட்டால் காபரேற்றரை மாற்றிப் பார்ப்போம் என்று தொடங்குபவர் காரின் விலையில் ஒரு பங்கைப் பாட்ஸ் கடையிலேயே இறக்கிவிடுவார். ஒரு மலிவான மல்ரிமீற்றர், எஞ்சினுக்குள் பொறி தட்டும் பிளக்கைக் கழற்றும் சாவி, அரத்தாள், டோர்ச் ஆகிய நான்கும் இருந்தால் கீழே வரும் பரிசோதனைகளில் பெரும்பாலானவற்றை வீட்டு முற்றத்திலேயே செய்துவிடலாம்.

சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது, அல்லது ஒன்றுமே நிகழவில்லை

பற்றறி போய்விட்டது என்றுதான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். பாதி வேளைகளில் பற்றறி நல்லதாகவே இருக்கும். கடற்காற்று நாள் முழுவதும் வீசும் இந்த மண்ணில், ஈயத் தலைப்பும் கேபிள் கவ்வியும் சேருமிடத்தில் வெண்பச்சை நிறத் தூள் பூத்துவிடுகிறது. வெளியே தெரியும் தூளைத் தட்டிவிட்டு மேலால் கிறீஸ் பூசுவதால் பயனில்லை. கவ்வியைக் கழற்றி, அதன் உட்புறத்தையும் தலைப்பையும் ஈயம் பளிச்சென்று தெரியும்வரை அரத்தாளால் தேய்த்து, இறுக்கிப் பூட்டிய பின்னரே மெல்லிதாகக் கிறீஸ் இட வேண்டும். கழற்றும்போது நெகற்றிவ் கம்பியை முதலிலும், பூட்டும்போது அதைக் கடைசியிலும் கையாளவும்.

அதன் பிறகு அளக்கவும். இரவு முழுதும் நின்ற காரின் பற்றறியில் 12.6 வோல்ற் அளவில் இருந்தால் அது நிரம்பியிருக்கிறது, 12.2க்குக் கீழே இருந்தால் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. ஒருவர் சாவியைத் திருப்ப மற்றவர் அளவைப் பார்க்கையில், அது 9.6க்குக் கீழே விழுந்தால் பற்றறி களைத்துவிட்டது என்று கொள்ளலாம். 11க்கு மேலேயே நின்று, எஞ்சினைச் சுழற்றித் தொடக்கும் ஸ்ராட்டர் மட்டும் சுழலாவிட்டால், மின்சாரம் பற்றறியை விட்டே போகவில்லை; கேபிளிலோ ஸ்ராட்டரிலோ எர்த்திலோதான் தடை இருக்கிறது.

அந்த எர்த் கம்பியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பற்றறியிலிருந்து கியர்பெட்டிக்கும் அங்கிருந்து உடற்தகட்டுக்கும் போகும் இந்தப் பின்னல் கம்பி, வெளியே முழுதாகத் தெரிந்தாலும் உள்ளே உப்பேறி இற்றிருக்கும். மல்ரிமீற்றரின் ஒரு முனையைப் பற்றறியின் நெகற்றிவ் தலைப்பிலும் மறு முனையை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்றுக்கு மேல் காட்டினால் கம்பியை மாற்றுங்கள். முகப்பு விளக்கு மங்கி எரிவது, இன்டிக்கேற்றர் போட்டால் மற்ற விளக்குகளும் சேர்ந்து சிமிட்டுவது, வெப்பமானி முள் காரணமின்றி ஆடுவது போன்ற பல புதிர்களும் அந்த ஒரு கம்பியோடு தீர்ந்துவிடக் கூடும்.

எஞ்சின் ஓடும்போது பற்றறியில் 13.8க்கும் 14.5க்கும் இடையில் காட்ட வேண்டும். அதற்குக் குறைந்தால் பற்றறிக்கு மின்னேற்றும் அல்ரனேற்றரின் பெல்ற் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கவும்.

ஸ்ராட்டர் நன்றாகச் சுழல்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

நெருப்பு வருகிறதா, பெற்றோல் வருகிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கு அந்த ஒழுங்கிலேயே விடை காண வேண்டும். ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் வயரில் மீண்டும் செருகி, உலோகப் பகுதி எஞ்சினில் நன்றாகத் தொடும்படி வைத்து, கையால் பிடிக்காமல் ஸ்ராட்டரைச் சுழற்றச் சொல்லவும். அருகில் பெற்றோல் சிந்தியிருக்கக்கூடாது. நீலமான, 'சட் சட்' என்று கேட்கும் பொறி வந்தால் நெருப்பு உண்டு. மஞ்சளாக மெலிந்து வந்தாலோ வராமலே விட்டாலோ, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்றிபியூற்றரின் மூடியைத் திறந்து பாருங்கள். மாரி காலத்தில் அதன் உட்புறம் வியர்த்திருக்கும். துணியால் துடைத்து வெயிலில் சற்று வைத்தாலே கார் பிடித்துவிடுவதும் உண்டு. மூடியின் உள்ளே பென்சிலால் கீறியது போன்ற கரிய கோடு தெரிந்தால் அது வெடிப்பு. அந்த மூடி இனி உதவாது. பழைய மாதிரிகளின் டிஸ்றிபியூற்றருக்குள் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பொயின்ற் செற்றின் முகங்கள் கருகியிருந்தால் தேய்த்துச் சரிப்படுத்தலாம்.

நெருப்பு இருக்கிறது என்றால், காபரேற்றருக்கு வரும் ஹோஸைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டுச் சுழற்றுங்கள். இந்த எஞ்சினின் பெற்றோல் பம்ப், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டினால் இயங்குவது. ஸ்ராட்டர் சுழலும்போதே துடித்துத் துடித்துப் பெற்றோல் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் முதலில் பில்ரரை மாற்றவும், பிறகு பம்பைச் சந்தேகிக்கவும்.

வெளிநாட்டில் வாழும் உறவினர் ஊரில் வாங்கி நிறுத்திவிட்டு, நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது மட்டும் ஓட்டும் கார்களில் இந்தப் பிழை மிகுதி. மாமரத்தின் கீழ் மாதக்கணக்கில் நிற்கும் காரில் பெற்றோல் பழுதாகிப் பசைபோலக் காபரேற்றரின் நுண் துளைகளை அடைத்துவிடுகிறது. எலி வயரையும் கடித்திருக்கும். அத்தகைய காரில் பழைய பெற்றோலை முழுதாக வடித்து, காபரேற்றரைத் திறந்து கழுவாமல் ஸ்ராட்டரை மட்டும் திரும்பத் திரும்பச் சுழற்றுவது பற்றறிக்கும் ஸ்ராட்டருக்கும் செய்யும் கொடுமையாகும். கார் நிற்கும் காலத்தில் பக்கத்து வீட்டாரிடம் சாவியைக் கொடுத்து, கிழமைக்கு ஒருமுறை சும்மா ஸ்ராட் செய்து வைக்கச் சொல்வதாலும் பெரிய நன்மையில்லை. எஞ்சின் சூடாகும் அளவுக்குச் சிறிது தூரம் ஓட்டச் சொல்லுங்கள், இல்லையேல் பற்றறியைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

நெருப்பும் பெற்றோலும் இருந்தும் பிடிக்காமல், ஸ்ராட்டர் வழமையைவிட இலேசாகவும் வேகமாகவும் சுழன்றால், கேம் தண்டைச் சுழற்றும் ரைமிங் பெல்ற் அறுந்திருக்கக் கூடும். ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து, ஒருவர் ஸ்ராட்டரைச் சுழற்றும்போது உள்ளே கேம் தண்டு அசைகிறதா என்று பாருங்கள். அசையவில்லை என்றால் அதற்குமேல் சுழற்ற வேண்டாம்.

காலையில் உடனே பிடிக்கிறது. மத்தியானம் கடைக்குப் போய்த் திரும்பி வந்தால் பிடிக்கவில்லை

சித்திரை, வைகாசி வெயிலில் திருநெல்வேலிச் சந்தையில் அரை மணி நேரம் நின்ற காருக்கு வரும் வருத்தம் இது. இருபது நிமிடம் பொறுத்தால் தானாகவே பிடித்துவிடும் என்பதால், காரணம் தெரியாமலே பலர் இதனோடு வருடக்கணக்கில் வாழ்கிறார்கள். காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, நிறுத்தியதும் எஞ்சினின் சூடு மேலெழுந்து, பம்புக்கும் காபரேற்றருக்கும் இடையிலுள்ள பெற்றோலை ஆவியாக்கிவிடுவது. மற்றது, கொயிலோ டிஸ்றிபியூற்றருக்குள் இருக்கும் மின்னணுப் பாகமோ சூட்டில் வேலைநிறுத்தம் செய்வது. இரண்டுமே ஆறினால் சரியாகிவிடுவதால், ஆறிய காரைக் கராஜுக்குக் கொண்டுபோய்க் காட்டினால் எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் சொல்ல முடியாது. பிடிக்க மறுக்கும் அந்த வேளையிலேயே, அந்த இடத்திலேயே, மேலே சொன்ன பொறிப் பரிசோதனையைச் செய்ய வேண்டும். பிளக் சாவியைக் காருக்குள்ளேயே வைத்திருங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

பொறி இல்லையென்றால் கொயில் பக்கம் போகவும். பொறி இருந்தால் ஈரத்துணியைப் பெற்றோல் பம்பின் மேலும் குழாயின் மேலும் சில நிமிடம் சுற்றி வையுங்கள்; உடனே பிடித்தால் ஆவியடைப்பு உறுதி. நிரந்தரத் தீர்வாக, பெற்றோல் ஹோஸ் எஞ்சினில் சாய்ந்து கிடக்காமல் விலக்கிக் கட்டுவதும், பம்புக்கும் சிலிண்டர் தலைக்கும் இடையில் இருக்க வேண்டிய தடித்த வெப்பத் தடுப்பு வில்லை இருக்கிறதா என்று பார்ப்பதும் போதும். முன்னர் யாரோ கழற்றிய இடத்தில் அந்த வில்லையைப் பூட்டாமல் விட்டிருப்பார்கள்.

பெற்றோலோடு மண்ணெண்ணெய் கலந்திருந்தால் சூட்டில் பிடிப்பது கடினமாவதோடு, ஏற்றத்தில் எஞ்சின் 'கிண் கிண்' என்று தட்டும், புகையும் மணமும் மாறும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையின்போது, சிறிது பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெயிலேயே ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் இந்த வீதிகளில் ஓடியதைக் கண்டவர்கள், மாருதியும் ஓடும்தானே என்று கேட்பதுண்டு. அந்தக் கார்களின் அமுக்க விகிதம் குறைவு. அவற்றால் தாங்க முடிந்தது. மாருதியின் பிஸ்ரன் அதைத் தாங்காது.

வெப்பமானி முள் ஏறுகிறது

குடாநாட்டுக் கார்கள் சாவது பெரும்பாலும் இந்த வருத்தத்தினால்தான். அதன் வேர் கிணற்றில் இருக்கிறது. நாம் வாழ்வது சுண்ணாம்புக் கல்லின் மேல். அதில் ஊறிவரும் நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, சூடேறும்போது படிந்து கல்லாகிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் பிடிக்கும் அதே படைதான் றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர்வழிகளிலும் பிடிக்கிறது. கரையோரத்திலும் தீவுப்பகுதியிலும் நீர் உவராகவும் இருப்பதால், படை கட்டுவதோடு அலுமினியத்தாலான சிலிண்டர் தலையையும் அது அரிக்கிறது. ஆறிய எஞ்சினில் மேல் ஹோஸைக் கழற்றிக் குழாயின் வாயைப் பாருங்கள். ஓரத்தில் சுண்ணாம்பு பூசியது போன்ற வெள்ளை வளையமும், உள்ளே அலுமினியத்தில் நுணுக்கமான குழிகளும் தெரிந்தால், அந்தக் காரில் எத்தனையோ வருடம் வாளியும் கிணறும்தான் கூலன்றாக இருந்திருக்கின்றன. வாங்குமுன் பார்க்க வேண்டிய முதல் இடமும் இதுவே.

முள் எப்போது ஏறுகிறது என்பதைக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது. நகரத்து நெரிசலில், அல்லது ரயில் கடவையில் நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால், மின்விசிறி சுழலவில்லை. காபரேற்றர் மாதிரிகளில் விசிறியின் வெப்ப சுவிச்சுக்குப் போகும் இணைப்பைக் கழற்றி, சாவி போட்ட நிலையில் அதன் இரு முனைகளையும் ஒரு வயர்த் துண்டால் இணைக்கவும். விசிறி சுழன்றால் சுவிச்சை மாற்றுங்கள். சுழலாவிட்டால் பியூஸ், வயர், மோட்டர் என்ற ஒழுங்கில் போங்கள். பிந்திய மாதிரிகளில் விசிறியை ரிலே வழியாகக் கணினி இயக்குவதால் இந்த இணைப்பை அவற்றில் செய்யக்கூடாது.

நெரிசலில் ஒன்றுமில்லாமல், ஏ9 வீதியில் கொடிகாமம் தாண்டி வேகமெடுத்ததும் முள் ஏறினால், நீர் போதிய அளவு சுழலவில்லை. எஞ்சின் சூடானதும் நிறுத்தி, விசிறியைத் தவிர்த்து, றேடியேற்றரின் முகத்தைப் பல இடங்களில் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். மேற்பகுதி கொதித்து, கீழே அல்லது ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தப் பகுதிக் குழாய்கள் அடைபட்டுவிட்டன. கடையில் விற்கும் கழுவும் திரவம் இலேசான படையை எடுக்கும்; கல்லாகியதை எடுக்காது. பழைய பித்தளை றேடியேற்றரை மேல்தொட்டியைக் கழற்றித் துருவி எடுத்து மீண்டும் ஒட்டுவிக்கலாம். பிளாஸ்ரிக் தொட்டி உள்ளதை மாற்றுவதே மலிவு.

றேடியேற்றர் முழுவதும் குளிர்ந்திருக்க எஞ்சின் மட்டும் கொதித்தால், சூடேறியதும் திறந்து நீரை றேடியேற்றருக்கு விடும் தேமோஸ்ரற் மூடியபடி சிக்கியிருக்கிறது. எங்கள் வெயிலுக்கு அது தேவையில்லை என்று சொல்லி அதைக் கழற்றி எறியும் பழக்கம் கராஜ்களில் பரவலாக உண்டு; அதை ஏற்க முடியாது. தேமோஸ்ரற் இல்லாத எஞ்சின் தன் வேலைச் சூட்டை அடையத் தாமதமாகிப் பெற்றோலைக் கூடுதலாகக் குடிப்பதோடு, ஒயிலிலும் கசடு சேர்கிறது. அதைக் கழற்றியவுடன் முள் இறங்கிவிட்டது என்றால் அடைபட்ட றேடியேற்றரை அது மறைத்துவிட்டது என்றுதான் பொருள். ஒரு பானையில் நீரைக் கொதிக்க வைத்து அதற்குள் தேமோஸ்ரற்றைப் போட்டுப் பாருங்கள்; நீர் கொதிக்கு முன்பே அது திறக்க வேண்டும்.

கடைசியாக, காலையில் ஆறிய எஞ்சினின் றேடியேற்றர் மூடியைத் திறந்து வைத்து ஸ்ராட் செய்யவும். நீரில் இடைவிடாமல் குமிழிகள் வந்தாலோ, ஸ்ராட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லுப்போல இறுகினாலோ, ஒயில் மூடியின் உட்புறம் பால்தேநீர் நிறத்தில் களியாக இருந்தாலோ, சிலிண்டர் தலைக்குக் கீழே இருக்கும் ஹெட் கஸ்கற் என்ற அடைப்புத் தகடு போய்விட்டது. அதன்பின் தலையைக் கழற்றாமல் வேறு வழியில்லை. கழற்றினால் தலை வளைந்திருக்கிறதா என்று சமதளக் கம்பி வைத்துப் பார்க்காமல் கஸ்கற்றை மட்டும் மாற்றிப் பூட்டும் கராஜை விட்டு விலகி நிற்பது நல்லது. சில மாதங்களில் அதே பணத்தை மீண்டும் கொடுக்க வேண்டிவரும்.

வீதியில் கொதித்துவிட்டால் எஞ்சினை நிறுத்தி, பொனற்றைத் திறந்து வைத்துக் காத்திருங்கள். சூட்டோடு மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்நீரை ஊற்றினால் தலை வெடிக்கலாம். இயக்கச்சிக்கும் பரந்தனுக்கும் இடையில் நிழல் தேடுவது கடினம். ஆனையிறவில் இரு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் நீர் தெரிந்தாலும் அது உப்பு விளையும் நீர்; குடிப்பதற்கு வைத்திருக்கும் போத்தல் நீரையே றேடியேற்றருக்குக் கொடுக்கவும்.

நிரந்தரமாக ஊற்ற வேண்டியது, கூலன்றும் வடித்த நீரும் பாதிக்குப் பாதி. பற்றறிக்கென்று விற்கும் நீர் பொருந்தும். அவசரத்துக்குச் சுத்திகரித்து விற்கும் குடிநீரும், மாரி மழை தொடங்கிச் சில நாள் கழித்துக் கூரையில் படாமல் நேரே பிடித்த மழைநீரும் கிணற்று நீரைவிட எவ்வளவோ மேல்.

ஓடும்போது உதறுகிறது, இழுவை இல்லை

மூன்று சிலிண்டரில் ஒன்று படுத்துவிட்டால் மூன்றில் ஒரு பங்கு வலு போய்விடுவதால் உதறல் தெளிவாகவே தெரியும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது, தடித்த உறையிட்ட குறட்டால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகச் சிறு நேரம் எடுத்துப் பாருங்கள். எதை எடுத்தபோது உதறல் மாறவில்லையோ அந்தச் சிலிண்டரே வேலை செய்யாதது. அந்தப் பிளக்கை அடுத்ததோடு இடம் மாற்றிப் பூட்டினால், பிழையும் கூடவே இடம் மாறுகிறதா என்பது தெரிந்துவிடும். பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர். நுனி காய்ந்த மண்ணிறமாக இருந்தால் நலம். ஈரக் கரியாக இருந்தால் ஒயிலோ மிகைப் பெற்றோலோ. வெளுத்துப் போயிருந்தால் காற்று எங்கோ கள்ளமாக உள்ளே போகிறது. காபரேற்றரின் அடிக் கஸ்கற்றிலும் மெல்லிய வெற்றிட ஹோஸ்களிலும் வெடிப்பைத் தேடுங்கள்.

காபரேற்றரின் கலவைத் திருகாணியை முதலில் திருக வேண்டாம். அது தானாகத் திரும்புவதில்லை. நேற்றுவரை சரியாக ஓடிய காரில் இன்றைய பிழைக்கு அது காரணமாகாது.

புகை

கறுப்பென்றால் பெற்றோல் மிகை: காபரேற்றருக்குள் போகும் காற்றைக் குறைக்கும் சொக் மூடியபடி சிக்கியதா, எயார் பில்ரர் செம்மண் தூசியால் அடைத்ததா என்று பாருங்கள், வருடாந்தப் புகைப் பரிசோதனையில் தவறுவதும் இதனால்தான். காலையில் ஸ்ராட் செய்ததும் மட்டும் நீலமாக வந்து நின்றுவிட்டால் வால்வு சீல்; அதை உடனே செய்ய வேண்டிய அவசியமில்லை, ஒயில் அளவைப் பார்த்துக்கொண்டு ஓட்டலாம். அக்சிலேற்றரை அழுத்தும்போதெல்லாம் நீலமென்றால் பிஸ்ரன் றிங் தேய்ந்துவிட்டது. சூடான பின்னும் நிற்காத வெள்ளைப் புகை, ஹெட் கஸ்கற்.

பிறேக் ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது பெடல் மெல்ல இறங்குகிறது

கடல்நீரின் மேலாகத் தீவுகளுக்குப் போகும் பண்ணை, பொன்னாலைப் பாலங்களால் நாளாந்தம் போய்வரும் கார்களில் முன் பிறேக்கின் வழுக்கும் ஊசிகள் உப்பால் இறுகிவிடும். பத்து நிமிடம் ஓட்டிய பின் முன் சில்லுகளின் அருகே கையை வைத்துப் பாருங்கள்; ஒன்று மற்றதைவிட அதிகமாகக் கொதித்தால் அது விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஊசிகளைக் கழற்றிச் சுத்தப்படுத்தி, பிறேக்குக்குரிய கிறீஸ் இட்டுப் பூட்டவும். நின்றபடி பெடலை அழுத்திப் பிடித்திருக்கும்போது அது மெல்ல மெல்லக் கீழே போய், வெளியே கசிவும் இல்லையென்றால், பெடலின் அழுத்தத்தைப் பிறேக் ஒயிலுக்குக் கொடுக்கும் மாஸ்ரர் சிலிண்டர் உள்ளே கசிகிறது. அந்தக் கார் கராஜ் வரைக்கும்கூட ஓட்டத் தகாதது. மெக்கானிக்கை வீட்டுக்கு அழைக்கவும். பிறேக் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்ற வேண்டும்.

ஒழுங்கை முடக்கில் திரும்பும்போது முன்பக்கம் 'டக் டக் டக்' என்று அடிக்கிறது

ஸ்ரியரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பும்போது மட்டும் கேட்டு, நேரே போகும்போது நின்றுவிடும் சத்தம், சில்லுக்குப் போகும் தண்டின் வெளி மூட்டு தேய்ந்ததைக் காட்டுகிறது. மூட்டை மூடியிருக்கும் றப்பர் உறை கிழிந்து, கிறீஸ் வெளியேறி, மணல் உள்ளே புகுந்ததே காரணம். உறை கிழிந்தும் சத்தம் தொடங்காதிருந்தால் மூட்டைக் கழுவிப் புதிய கிறீஸும் உறையும் இட்டுவிட்டால் போதும். சத்தம் வந்த பின் மூட்டையே மாற்ற வேண்டும். வருட மாதிரிக்கு ஏற்ப மூட்டின் உட்பற்களின் எண்ணிக்கை வேறுபடக்கூடும் என்பதால், கொழும்புக்குத் தொலைபேசியில் சொல்லுமுன் பழையதைக் கழற்றிப் பற்களை எண்ணி, எண்ணிக்கையையும் செசி இலக்கத்தையும் சேர்த்தே சொல்லவும். ஒரு பக்கம் போனால் மறுபக்க உறையையும் அதே நாளில் பார்த்துவிடுவது நல்லது. ஒரே வருடத்தில் போட்ட இரண்டு றப்பர்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில்தான் வெடிக்கும்.